எந்தக் குழாயை முதலில் பார்ப்பது?

கொழும்பில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த தொழிற்சாலையில் குழாய் ஆய்வுக்கு ஓர் அட்டவணை இருந்தது. ஏ லைன் ஜனவரி, பி லைன் பெப்ரவரி என்று வரிசையாகப் போய் டிசம்பரில் முடியும், அடுத்த வருஷம் மறுபடி ஏ லைன். அதில் ஃபேர்னஸ் ஒயில் (பொயிலரில் எரிக்கும் கனமான எண்ணெய்) போகும் எட்டு அங்குலக் குழாய் ஒன்றை வருஷம் தவறாமல் பன்னிரண்டு இடத்தில் தடிப்பு அளந்தோம். பன்னிரண்டும் ஏணி இல்லாமல் கை எட்டுகிற இடங்கள். பெயின்டைச் சுரண்டிச் சுரண்டி அந்த வட்டங்கள் பளபளவென்று இருக்கும். ஒரு ஐப்பசி மழையில் குழாய் ஓட்டையானது பதின்மூன்றாவது இடத்தில். இரும்புத் தாங்கியின் மேல் குழாய் உட்காரும் அடிப்பக்கத்தில், தண்ணீர் தேங்கி நிற்கும் அந்த இடுக்கில். அங்கே கண்ணும் போகாது, கருவியும் போகாது.

ரிப்போர்ட்டுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். யாரும் பொய் எழுதவில்லை, ஒரு வருஷம்கூடத் தவறவில்லை, எல்லாவற்றிலும் கையெழுத்து இருந்தது. அட்டவணை "இந்த மாதம் யாருடைய முறை?" என்று மட்டும் கேட்டது, நாங்களும் அதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். எது உடையக்கூடும், உடைந்தால் யாருக்கு என்ன ஆகும் என்று அது கேட்கவே இல்லை. இந்த இரண்டு கேள்வியையும் வைத்து அட்டவணை போடுவதைத்தான் இங்கே சொல்கிறேன். முத்துராஜவெல எண்ணெய்க் கிடங்கு, சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் மாதிரிப் பெரிய இடங்களில் இதற்கென்றே ஆட்கள் இருப்பார்கள். பொயிலர் வைத்திருக்கும் தொழிற்சாலை, எரிபொருள் சேமிக்கும் இடம், பெரிய ஹோட்டல் என்று ஒரே இஞ்சினியர் எல்லாவற்றையும் பார்க்கிற இடங்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

அடிப்படை இவ்வளவுதான்: ஒரு குழாய் பழுதாகும் வாய்ப்பு எவ்வளவு, பழுதானால் விளைவு எவ்வளவு, இரண்டும் சேர்ந்ததுதான் ரிஸ்க். ஏ.பி.ஐ. என்ற அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் 580, 581 என்ற ஆவணங்கள் இதை விரிவாகச் சொல்கின்றன. 581இல் சூத்திரங்கள் நிறைய. முதல் வருஷம் அதற்குள் இறங்க வேண்டாம், ஓர் எக்செல் தாளும் நல்ல சப்பாத்தும் போதும். சப்பாத்து ஏன் என்று பிறகு தெரியும்.

முதலில் குழாயைத் துண்டு துண்டாக வெட்டுங்கள், தாளில்தான். "டாங்கியிலிருந்து பொயிலர் வரை" என்று ஒரே வரியாக எழுதினால் முழுக் குழாய்க்கும் ஒரே மதிப்பெண் வரும், அது எதற்கும் உதவாது. ஏதாவது ஒன்று மாறுகிற இடத்திலெல்லாம் ஒரு புதுத் துண்டு. நிலத்துக்கு மேலே வந்த குழாய் மண்ணுக்குள் இறங்கும் இடம், வெப்பக் காப்பு உறை தொடங்கும் இடம், வீதிக்கு அடியில் போகும் பகுதி, புதிதாக மாற்றிப் போட்ட நீளம், பம்புக்கு முன்னால், பின்னால். அரைக் கிலோமீற்றர் குழாயொன்று சாதாரணமாக எட்டுப் பத்துத் துண்டாகும். முப்பது நாற்பது என்று போனால் நிறுத்துங்கள், அவ்வளவையும் யாரும் நிரப்பப் போவதில்லை.

அடுத்தது பழுதாகும் வாய்ப்பு. ஒன்று முதல் ஐந்து வரை ஒரு எண், ஐந்து என்றால் வாய்ப்பு மிக அதிகம். இங்கேதான் அதிக நேரம் செலவாகும், செலவாக வேண்டும். ஏனென்றால் "பழைய குழாய், அதனால் நாலு" என்று எழுதுவது மதிப்பீடே கிடையாது. வயது குழாயைத் தின்பதில்லை, குறிப்பிட்ட ஏதோ ஒன்றுதான் தின்கிறது. அதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். முகத்துவாரம், கோட்டைப் பக்கம் என்றால் கடற்காற்றில் வரும் உப்பு, வெளிப்புறத் துரு. சூடான குழாய் என்றால் காப்பு உறைக்குள் மழைத்தண்ணீர் புகுந்து உள்ளுக்குள்ளேயே ஆவியாகித் திரும்ப நனைந்து உண்டாக்கும் துரு. காபன் ஸ்டீலில் சுமார் 175 பாகை செல்சியஸ் வரை இந்தத் தொல்லை இருக்கிறது, மேலே தகரம் புத்தம் புதிதாக மின்னிக்கொண்டிருக்கும்போது உள்ளே குழாய் செதில் செதிலாக உரிந்து கிடக்கும். ஒரே சூட்டில் இருக்கும் குழாயை விட, சூடாகி ஆறிச் சூடாகும் குழாய்க்குப் பாதிப்பு அதிகம். வருஷத்துக்கு 2,400 மில்லிமீற்றர் அளவுக்கு மழை பெய்கிற நம் ஊரில் காப்பு உறை உள்ள எந்தக் குழாய்க்கும் நான் மூன்றுக்குக் கீழே போடுவதில்லை.

மண்ணுக்குள் இறங்கும் வாசல் இன்னொரு இடம். பூச்சு அங்கேதான் முதலில் வெடிக்கும், காற்றும் ஈரமும் இரண்டும் கிடைக்கும். அரை அடி தோண்டிப் பார்த்தாலே நிறையத் தெரியும். அப்புறம் ஓட்டம் இல்லாத கிளைக் குழாய்கள், எப்போதோ ஒரு மெஷினுக்குப் போட்டு, மெஷின் போன பிறகும் மூடி வைத்து விட்டுவிட்ட முட்டுச்சந்துகள். அவற்றில் தண்ணீரும் சேறும் தங்கும். குழாய் பள்ளமாகப் போகும் இடங்களும் அப்படியே. 2000ஆம் ஆண்டு ஓகஸ்டில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், கார்ல்ஸ்பாட் அருகே ஓர் எரிவாயுக் குழாய் வெடித்து, பக்கத்தில் முகாமிட்டிருந்த ஒரே குடும்பத்து 12 பேர் இறந்தார்கள். குழாய்க்குள் தண்ணீரும் அழுக்கும் தங்கிய இடத்தில் உள்ளே அரித்திருந்தது காரணம். வெளியே நின்று பார்த்தவர்களுக்கு அது நல்ல குழாய்.

ஒரு துண்டுக்கு மூன்று நான்கு விதமான பாதிப்பு இருந்தால் சராசரி எடுக்காதீர்கள். வெளித்துரு 1, உள்துரு 1, அதிர்வு 1, தாங்கி இடுக்கு 5 என்றால் சராசரி 2. பச்சை நிறம், அதாவது கவலை இல்லை. ஆனால் அந்தக் குழாய் சராசரியாக உடையப் போவதில்லை, ஐந்து போட்ட இடத்தில்தான் உடையும். எது பெரிதோ அதை எடுங்கள், முடிந்தது.

தெரியாத விஷயத்துக்கு என்ன போடுவது? நாலு. சிலர் நடுவாக இருக்கட்டும் என்று மூன்று போடுவார்கள், அது தெரியாமையைத் தெரிந்ததாக மாற்றுகிற வேலை. 2010 செப்டெம்பரில் கலிபோர்னியாவின் சான் புரூனோவில் எட்டுப் பேரைக் கொன்ற எரிவாயுக் குழாயைப் பற்றி நிறுவனத்தின் பதிவுகள் அது நெடுக்குத் தையல் இல்லாத குழாய் என்று சொல்லிக்கொண்டிருந்தன. உண்மையில் 1956இல் புதைத்த அந்தக் குழாயில் நெடுக வெல்டிங் தையல் இருந்தது, கிழிந்ததும் அதில்தான். பதிவு இருக்கிறது என்பதற்காக நம்பக் கூடாது என்றால், பதிவே இல்லாததற்கு நல்ல மதிப்பெண் எப்படிப் போடுவது?

இந்த மதிப்பெண்களை ஏசி அறைக்குள் தனியாக இருந்து போடாதீர்கள். ஒபரேட்டர் ஒருவர், பராமரிப்பில் அதிக வருஷம் இருந்த ஃபிட்டர் ஒருவர், இருவரையும் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள். ஒரு வளைவுக்கு நான் இரண்டு போட்டபோது எங்கள் ஃபிட்டர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அந்த வளைவில மூன்று தரம் கிளாம்ப் அடிச்சாச்சு. எல்லாம் சனிக்கிழமை பின்னேரம் அடிச்சது, அதால ரிப்போர்ட்டில வராது." கிளாம்ப் என்றால் ஓட்டையை வெளியே பட்டை வைத்து இறுக்கி அடைப்பது. ஒரு வருஷ ஆய்வுச் செலவில் கிடைக்காத தகவல் அது. கிளாம்ப் அடித்தவரைக் குறை சொல்லும் கூட்டமாக இது மாறினால் அடுத்த தடவை யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அதையும் கவனியுங்கள்.

சரி, விளைவு. இதற்குத்தான் சப்பாத்து. குழாயோடு கூடவே நடந்து போங்கள், வேலிக்கு வெளியேயும். பக்கத்தில் என்ன இருக்கிறது? பள்ளிக்கூடமா, வரிசை வீடுகளா, கொத்துரொட்டிக் கடையின் அடுப்பா? கசிந்தால் தரை எந்தப் பக்கம் சரிகிறது, மழைநீர்க் கான் எங்கே போய் விழுகிறது? கொழும்பில் கான் என்றால் கடைசியில் ஒரு கால்வாய், கால்வாய் என்றால் கடல் அல்லது களனி. 2015 ஓகஸ்டில் ஒரு தொழிற்சாலையிலிருந்து கசிந்த டீசல் களனி கங்கையில் கலந்து, அம்பத்தலையில் தண்ணீர் எடுப்பதே தடைப்பட்டது. கொழும்பின் குடிநீரில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. தொழிற்சாலைக் கணக்கில் டீசல் போவது ஒரு துணைக் குழாய், ஊரின் கணக்கில் அது வேறு. எண்ணெய் மண்ணுக்குள் இறங்கினால் கிணறுகளுக்கு என்ன ஆகும் என்று, கிணறுகளில் எண்ணெய் கலந்த சுன்னாகத்தைப் பார்த்த நமக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

எவ்வளவு கொட்டும் என்பதையும் கணக்குப் போடுங்கள், கஷ்டமில்லை. எட்டு அங்குல ஸ்கெடியூல் 40 (சுவர்த் தடிப்பின் தரம்) குழாயில் மீற்றருக்கு ஏறத்தாழ 32 லீற்றர் நிற்கும். மேட்டிலிருக்கும் 300 மீற்றர் வடிந்தால் 9,600 லீற்றர். அது போக, கசிவு தெரிந்து பம்பை நிறுத்தும் வரை பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும்: மணிக்கு 50 கனமீற்றர் பம்ப், தெரிந்து நிறுத்த அரை மணி என்றால் இன்னொரு 25,000 லீற்றர். ஆக, குழாயின் நீளத்தை விட அந்த அரை மணிதான் பெரிய எண். வால்வு வரை நீங்களே நடந்து போய் மூடிப் பாருங்கள். நான் போனபோது வால்வுக் கூண்டின் திறப்பு காவலாளியிடம் இருந்தது, காவலாளி சாப்பிடப் போயிருந்தார். வால்வு துருவேறி இறுகியிருந்தால் அதை இல்லாத வால்வாகவே கணக்கில் எடுங்கள்.

தீ, ஆட்கள், தண்ணீர், உற்பத்தி நிற்பது, நான்குக்கும் தனித்தனியாக ஒன்று முதல் ஐந்து. அதிலும் பெரியதையே எடுக்கவும். உற்பத்தி நட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதச் சொல்லி மெனேஜர் கேட்கலாம். எழுதுங்கள், பரவாயில்லை, ஆனால் ஆட்களுக்கான எண்ணைத் தொட விடாதீர்கள்.

இப்போது இரண்டு எண் இருக்கிறது. நிறையப் பேர் உடனே பெருக்கிவிடுவார்கள். ஒன்று தர ஐந்தும் ஐந்து, ஐந்து தர ஒன்றும் ஐந்து. ஆனால் வாரம் ஒருதரம் சொட்டும் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயும், பத்து வருஷம் ஒழுங்காக இருந்து ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தீப்பிடிக்கக்கூடிய குழாயும் ஒன்றா? பெருக்காமல் ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டு, ஒவ்வொரு துண்டையும் அதன் கட்டத்தில் எழுதி வையுங்கள். விளைவு ஐந்து உள்ள கட்டங்கள் எதுவும் பச்சையாகக் கூடாது என்பது என் சொந்த விதி. வாய்ப்பு ஒன்று என்று போட்டது நாம்தானே, நாம் பிழைவிட மாட்டோமா என்ன.

கட்டம் எந்தத் துண்டு முதலில் என்று சொல்லும். எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை என்பதற்குத் தடிப்புக் கணக்கு வேண்டும். ஓர் உதாரணம் போடுகிறேன். எட்டு அங்குலக் குழாய், புதிதில் 8.18 மி.மீ. 2014இல் ஒரு புள்ளியில் 7.9 இருந்தது. 2021இல் 6.8. 2024இல் 5.9. பத்து வருஷத்தில் 2.0 மி.மீ. போயிருக்கிறது, வருஷத்துக்கு 0.2. ஆனால் கடைசி மூன்று வருஷத்தில் மட்டும் 0.9 போயிருக்கிறது, அதாவது வருஷத்துக்கு 0.3. ஏதோ மாறியிருக்கிறது, எண்ணெயோ, சூடோ, பூச்சோ. இப்போதைய நிலைமையை எது காட்டுகிறதோ அந்த வேகத்தை எடுக்க வேண்டும், இங்கே 0.3. குறைந்தபட்சத் தடிப்பு 3.5 என்று வைத்தால் மிச்சம் 2.4, ஆக எட்டு வருஷ ஆயுள். தொழிற்சாலைக் குழாய்களுக்கான ஏ.பி.ஐ. 570 சொல்வது, மிச்ச ஆயுளில் பாதி அல்லது குழாயின் வகுப்பைப் (கசிந்தால் வரும் ஆபத்தை வைத்துப் பிரித்தது) பொறுத்து 5 அல்லது 10 வருஷம், எது குறைவோ அது. பாதி என்றால் நாலு. அடுத்த அளவெடுப்பு 2028. நீண்டகால வேகத்தை மட்டும் பார்த்திருந்தால் பன்னிரண்டு வருஷ ஆயுள், பாதி ஆறு, 2030 வரை நிம்மதியாகத் தூங்கியிருப்போம்.

அந்த 3.5 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 10 பார் அழுத்தத்துக்கு இந்தக் குழாயின் சூத்திரத்தைப் போட்டால் 0.8 மி.மீ. போதும் என்று வரும், பிழையான கணக்கும் அல்ல. ஆனால் 0.8 மி.மீ. குழாய் தன் பாரத்தையும் உள்ளே இருக்கும் எண்ணெயையும் தாங்காது, மேலே ஒருவர் கால் வைத்தால் அவ்வளவுதான். அதனால் அழுத்தத்துக்கு வரும் எண்ணை மட்டும் வைத்து ஆயுள் கணக்குப் போடாதீர்கள், தாங்குவதற்கான குறைந்தபட்சத்தை உங்கள் இஞ்சினியர் தனியாக நிர்ணயிக்க வேண்டும்.

கருவியையும் முழுசாக நம்ப வேண்டாம். சாதாரணத் தடிப்பு மானியைப் பெயின்டுக்கு மேலேயே வைத்தால் தடிப்பு கூடக் காட்டும், சூடான குழாயிலும் அப்படித்தான். வருஷா வருஷம் அளந்து 0.1, 0.2 வித்தியாசத்தை வைத்துத் துருவேகம் கணக்கிடுவது பெரும்பாலும் கையின் நடுக்கத்தை அளப்பது. போன தடவையை விடக் குழாய் தடித்திருப்பதாகக் கொன்ட்ராக்டரின் ரிப்போர்ட் சொன்னால், இரும்பு வளராது, திரும்ப அளக்கச் சொல்லுங்கள்.

கட்டத்தில் இரண்டு எண்ணும் பெரிதாக இருக்கும் மேல் மூலையில் உள்ள துண்டுகளுக்கு, மிச்ச ஆயுளில் பாதி என்ற காலத்தையும் நான் அப்படியே ஏற்பதில்லை. இன்னும் குறைக்கிறேன், முதல் தடவையாவது. கீழ் மூலையில் உள்ளவற்றுக்கு விதி அனுமதிக்கிற முழுக் காலத்தையும் கொடுத்துவிடுகிறேன், அங்கே மிச்சமாகும் ஆட்களும் காசும்தான் மேலே போகிறது. இதை மெனேஜரிடம் சொல்லத் தயங்காதீர்கள்: பட்ஜெட்டைக் கூட்டச் சொல்லவில்லை, தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை வருஷா வருஷம் பார்ப்பதை நிறுத்துகிறோம் என்று. அமெரிக்க விதிகளும் கிட்டத்தட்ட இதையேதான் செய்கின்றன: ஆட்கள் நெருக்கமாக இருக்கும் இடங்கள் போன்றவற்றைத் தனியாகப் பிரித்து, அங்கே போகும் நெடுந்தூர எண்ணெய்க் குழாய்களை ஐந்து வருஷத்துக்குள், எரிவாயுக் குழாய்களை ஏழு வருஷத்துக்குள் திரும்ப மதிப்பிடச் சொல்கின்றன.

எப்படிப் பார்ப்பது என்பதையும் அதே வரியில் எழுதுங்கள், "ஆய்வு" என்று மட்டும் எழுதாதீர்கள். தாங்கி இடுக்குக்குத் தடிப்பு மானி எட்டாது. வீதிக்கு அடியில் போகும் துண்டுக்கு நெடுந்தூர அலை அனுப்பிப் பார்க்கும் முறை இருக்கிறது, அது சரியான எண்ணைத் தராது, எங்கே சந்தேகம் என்று மட்டும் காட்டும், அப்புறம் அந்த இடத்தைத் தோண்டத்தான் வேண்டும். காப்பு உறைக்கு அடியில் பார்க்க உறையைக் கழற்றுவதுதான் மலிவான நிச்சயம். எந்தப் பாதிப்பைப் பெயர் சொல்லி எழுதினீர்களோ அதைக் காணக்கூடிய முறையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் பன்னிரண்டு வட்டம் சுரண்டிய கதைதான்.

கடைசியாகக் கலண்டர். தோண்டும் வேலைகளை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வையுங்கள். மே தொடங்கினால் தென்மேற்குப் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் அதை விட மோசம், குழிக்குள் குழாயைப் பார்ப்பதற்குப் பதிலாகத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பீர்கள். ஏப்ரல் நடுவில் புத்தாண்டுக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள், கொன்ட்ராக்டர் "இருபதாம் தேதி வருகிறோம்" என்றால் மாதக் கடைசி என்று எழுதிக்கொள்ளுங்கள். வீதியை வெட்ட வேண்டுமென்றால் அது யாருடைய வீதி என்று முதலில் பாருங்கள், வீதி அபிவிருத்தி அதிகார சபையா, மாநகர சபையா. அனுமதிக் கடிதத்தை வேலைக்கு மாதக்கணக்கில் முன்பே கொடுத்துவிடுங்கள். காப்பு உறைகளைக் கழற்றுவது மட்டும் மழைக்கு உடனே பின்னால் நல்லது, எங்கே தண்ணீர் புகுந்தது என்று ஈரமே காட்டிக்கொடுக்கும்.

அட்டவணையை வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் திறக்க வேண்டாம். எண்ணெய் மாறினால், சூடு கூடினால், எங்காவது ஒரு கிளாம்ப் ஏறினால், வேலிக்கு அந்தப் பக்கம் புதிதாக மாடிவீடு எழும்பினால் அன்றைக்கே அந்தத் துண்டின் எண்ணை மாற்றுங்கள். ஒரு வேலையைத் தள்ளிப்போட்டால் யார் தள்ளிப்போட்டார், ஏன், எந்தத் தேதிக்கு என்று கையெழுத்தோடு எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துக் கேட்டாலே பாதி ஒத்திவைப்புகள் காணாமல் போகும்.

எங்கள் தாளில் இப்போது தாங்கி இடுக்குகள்தான் முதல் வரிசை. அழுத்தத்தை இறக்காமல் குழாயைத் தூக்கிப் பார்க்கக் கூடாது, மெலிந்திருந்தால் தூக்கும்போதே உடையும். எனவே அந்த வரியிலேயே பம்ப் நிறுத்தும் நாள், வடிப்பதற்கு பீப்பாய், செயின் புளொக் (பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி) வாடகை எல்லாவற்றையும் எழுதி வைக்கிறோம். முதல் வருஷம் எழுதவில்லை. ஆள் வந்தார், கருவி வந்தது, செயின் புளொக் வரவில்லை, நால்வரும் குழாயைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தோம்.